இரண்டாயிரம் விதைப்பந்துகள்

யோகலட்சுமி டீச்சருக்குப் புத்தகத்தைத் திறந்து பாடம் நடத்தத் தெரியாது என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அதில் பாதி உண்மைதான். காரைக்குடியிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் ஏறும்போது அவர் தோளில் தொங்கும் பையில் சாப்பாட்டு டப்பா ஒன்று இருக்கும். மிச்சமெல்லாம் நைலான் கயிறு, காலி ஜாம் பாட்டில், பழைய டீ வடிகட்டி, கைப்பிடி உடைந்த பூதக்கண்ணாடி. கண்டக்டர் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று பையை வாங்கி, உள்ளே பாட்டிலில் மண்புழு நெளிவதைப் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அந்தப் பையைத் தொடுவதே இல்லை.

கண்டரமாணிக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் செங்கண்மாய்ப்பட்டி நடுநிலைப்பள்ளியில் அவருக்கு இது ஒன்பதாவது வருஷம். மொத்த சர்வீஸ் இருபத்தொன்று. கணவர் மின்வாரியத்தில், மகள் கோயம்புத்தூரில் படிப்பில். மாறுதல் கேட்டு எழுதிக்கொடுக்கச் சொல்லி வீட்டில் வருஷா வருஷம் பேச்சு நடக்கும். இவர் எழுதிக்கொடுக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வருஷம் நன்றாக இருக்கிறார்கள் என்பார். எல்லா வருஷமும் அதே பதில்தான்.

சூழ்நிலைமண்டலம் என்ற பாடத்தை அவர் நடத்துகிற விதம் இப்படி. பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டுவார். ஒருத்தி புல், ஒருவன் வெட்டுக்கிளி, ஒருத்தி தவளை, ஒருவன் சாரைப்பாம்பு, ஒருத்தி மயில். எதை எது தின்னுமோ அந்த வரிசையில் கயிறு கை மாறிக்கொண்டே போகும். கடைசியில் புல்லைப் பார்த்து, நீ கயிற்றை விட்டுவிடு என்பார். எல்லார் கையிலும் கயிறு தொய்ந்துபோகும். அதைப் பார்த்த பிள்ளை பரீட்சையில் எழுதுகிறதோ இல்லையோ, மறக்காது. தன் மகனைக் கயிற்றால் கட்டிப்போட்டார்கள் என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்ததும் உண்டு. அவருக்கும் ஒரு அட்டையை மாட்டி நிற்க வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அந்த ஊர்க் கண்மாய் இருபது வருஷமாகச் சீமைக்கருவேலங்காடாகக் கிடந்தது. தண்ணீர் வந்தாலும் தெரியாது, வற்றினாலும் தெரியாது. போன கோடையில் ஊர் கூடி அதை வெட்டி எடுத்தார்கள். முன்னால் நின்றவர் மலையாண்டி, நாலு ஏக்கர் நெல் வயல்காரர், அந்தக் கண்மாய்த் தண்ணீரை நம்பி இருக்கிறவர். வெளியூர் போனவர்கள்கூட லீவு போட்டு வந்து வேரைத் தோண்டினார்கள். மலையாண்டியின் பாதத்தில் முள் ஏறி, கீறி எடுத்து, இரண்டு மாதம் நொண்டினார். சித்திரை முடிவில் கண்மாய் மொட்டையாக, சுத்தமாக, பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த மொட்டைக் கரையைப் பார்த்ததும் டீச்சருக்குக் கை ஊறிவிட்டது. விதைப்பந்து உருட்டி எறியலாம், வேம்பும் வாகையும் நாவலும் வரட்டும் என்று மலையாண்டியிடம் போய்க் கேட்டார். கரையில் நிழல் வந்தால் யாருக்குக் கசக்கும், தாராளமாகச் செய்யுங்கள் என்றார் அவர்.

பிள்ளைகள் ஆனி ஆடியில் விதை பொறுக்கினார்கள். பந்துக்குச் செம்மண்ணோடு எருவும் சேர வேண்டும். ஆட்டுக்கிடை வைத்திருக்கும் கருப்பம்மாள், பள்ளிக்கூடத்துக்கு என்றதும், சலிக்காமல் ஆறு சாக்குப் புழுக்கையைத் தானே தலையில் சுமந்துவந்து இறக்கினாள். பிள்ளைகள் கையாலேயே நொறுக்கி, பிசைந்து, உருட்டி, சத்துணவுக்கூட நிழலில் காய வைத்தார்கள். சாக்கில் எண்ணிப் போட்டதில் இரண்டாயிரத்துச் சொச்சம். புரட்டாசிக் கடைசியில் ஊரே வேடிக்கை பார்க்க, கரையின் இரண்டு பக்கமும், தண்ணீர் நிற்கும் உள்வாயிலும் எறிந்தார்கள். ஏழாம் வகுப்பு அக்ஷரா எறிந்த பந்துதான் எல்லாவற்றையும்விடத் தூரம் போனது.

ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. பத்து நாளில் கரை முழுக்கப் பச்சை. பிள்ளைகள் வகுப்பறையில் இருப்புக்கொள்ளாமல் தவித்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் போய் அளந்தார்கள், இலை எண்ணினார்கள், சார்ட் ஒட்டினார்கள். ஆளுக்கொரு கன்றைத் தத்தெடுத்து, குச்சி நட்டுப் பெயரும் எழுதிக் கட்டினார்கள். சின்னச் சின்ன இலையாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, எல்லாம் வாகை என்றார் டீச்சர். வேம்பு ஒன்றும் காணோமே என்ற எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை ஓரமாக உட்கார வைத்துவிட்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபிறகு யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, அக்ஷரா விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தாள். "டீச்சர், வாகைக்கு முள்ளு இருக்குமா?" என்று கேட்டாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். இலைக் காம்படியில் இரண்டிரண்டாக, இன்னும் பிஞ்சாக, முள். பக்கத்துக் கன்றைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் பார்த்தார். கரையோடு கால் மணி நேரம் நடந்தார். அத்தனையும் சீமைக்கருவேலம்.

பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த ஒரு பந்தை உடைத்துத் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் வடித்தார். ஒரு வேப்பங்கொட்டை, செத்துக் கறுத்துப்போனது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அதற்கு உயிர் தங்காது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டார். அதோடு சேர்ந்து பழுப்பாக, பளபளவென்று ஏழு சீமைக்கருவேல விதை. ஆடு கோடையில் என்ன தின்னும் என்று கருப்பம்மாளிடம் போய்க் கேட்டார். இந்த ஊரில் கோடைக்கு வேறு என்ன இருக்கிறது, கருவேல நெற்றுதான், அதைத் தின்றுதான் குட்டிகளே பிழைத்தன என்றாள் அவள். ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த கருவேல விதைதான் சீக்கிரம் முளைக்கும் என்று விதை பரவும் பாடத்தில் ஜூன் மாதம் இதே டீச்சர் நடத்தி, பிள்ளைகள் நோட்டிலும் எழுதியிருக்கிறார்கள். பாடம் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை. கருப்பம்மாள் மட்டும், தன் ஆட்டால் ஏதும் கெடுதலா என்று இரண்டு தடவை கேட்டாள்.

மலையாண்டியிடம் சொல்லப் போகும்போது திட்டு வாங்கத் தயாராகத்தான் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மலையாண்டி வரப்பில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். கரை ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது, இப்போது வேரைப் பறிக்கிற இயந்திரத்தை ஏற்ற முடியாது, உள்வாயில் இடுப்பளவு தண்ணீர், வற்றி முடிவதற்குள் வேர் ஓடிவிடும் என்று நிதானமாகச் சொன்னார். ஊரை இன்னொரு தடவை கூட்டவும் முடியாது, கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றார். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் கூட்டிவந்து பிடுங்குகிறேன், ஒன்றுகூட விடமாட்டேன் என்று டீச்சர் சொன்னபோதுதான் மலையாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இன்னைக்கி இருப்பீக, நாளைக்கி மாத்திப் போயிருவீக டீச்சர். புள்ளைகளும் படிச்சு வெளியூரு போயிரும். நாங்கதான் இங்குட்டுக் கெடக்கணும்."

அதில் கோபம் இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது, உங்களுடையதும் இல்லை, ஆட்டினுடையதும் இல்லை என்றார். சில பிள்ளைகள் அழுதார்கள். ஒரு பையன், அப்படியென்றால் இதற்கு மார்க் உண்டா இல்லையா என்று கேட்டான். அவனை மட்டும் அன்றைக்குப் பிடித்திருந்தது டீச்சருக்கு.

சனிக்கிழமை காலை கரைக்குப் போனார்கள். மலையாண்டியும் மண்வெட்டியோடு வந்து நின்றார். பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதிய குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கன்றைப் பிடித்து இழுத்தார்கள். ஈரமண்தானே, வந்துவிடும் என்று டீச்சர் நினைத்தார். பாதி வந்தது. பாதி, மண்மட்டத்தில் பட்டென்று ஒடிந்தது. வேரோடு வரவேண்டும், வேர் நின்றால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. தோண்டித் தோண்டி மதியத்துக்குள் முப்பது கெஜம்கூடத் தாண்டவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரம் வரை பச்சை. அழவேண்டும் போல் இருந்தது. பிள்ளைகள் முன்னால் எப்படி அழுவது?

அக்ஷரா தன் கன்றைக் கடைசிவரைத் தொடாமல் வைத்திருந்தாள். முழங்கால் உயரம், அந்தக் கரையிலேயே பெரியது. இதை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டாள். தான் எங்கேயும் போகப்போவதில்லை என்றும், தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். ஒரு மரம் போதும், ஒரு கோடையில் அது கொட்டுகிற நெற்று போதும், கண்மாய் மறுபடியும் காடாகிவிட. டீச்சர் தலையை ஆட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலையாண்டி முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் அந்தப் பிள்ளையே இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கன்று ஒடிந்து கையோடு வந்தது. அவள் விழுந்தடித்துக் குனிந்து குழியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வேரு உள்ளதான் இருக்கு டீச்சர். அழுகாதீக, எல்லாம் திரும்ப வந்துரும்" என்றாள்.