செருப்போட மாடிக்கு

கலைமணியப் பத்தி யாராச்சும் எழுதணும். எழுதுறவங்க யாரும் எங்க கடைக்கு வர்றதில்ல, அதனால நானே சொல்றேன். நான் ஜெயசுதா. அரியலூர்ல மூணு மாடி, ஏசி, கண்ணாடிக் கதவுன்னு வந்துச்சே, அந்தக் கடையில கீழ பில் போடுறேன். கடைப் பேரக் கேக்காதீங்க, எனக்கும் சோறு வேணும்.

கடை தொறந்தப்ப எல்லாரும் வாயப் பொளந்தது ஓடுற படியப் பாத்துத்தான். பொம்பளைங்க புடவைய ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கிட்ட வருவாங்க, பயந்துக்கிட்டுத் திரும்பிடுவாங்க. ஜனம் மேல போவலன்னா பட்டு விக்காது, பாத்திரம் விக்காது. அதுக்குன்னே வேலைக்கு எடுத்தாங்க கலைமணிய. காலைல ஒம்பதுலேருந்து படிக்குக் கீழ நின்னு, "கோட்ட மிதிக்காதீங்க, வலது கால வைங்க, கீழ பாக்காதீங்க, என்னயப் பாருங்க"ன்னு கையப் புடிச்சு ஏத்தி விடணும். அதுக்கு முன்னாடி ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்ட பொறுக்கினா, ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில லாரிக்குத் தார்ப்பாய் கட்டுனா. வாய் மட்டும் எங்க போனாலும் ஒண்ணுதான்.

வந்த மொத வாரமே அவளுக்கும் ஜனத்துக்கும் சண்ட. பளபளன்னு தரை இருந்தா நம்ம ஆளுங்க செருப்பக் கழட்டிப்புடுவாங்க இல்ல? வாசல்ல குவியலாக் கெடக்கும். இவ வெளிய போய் நின்னுக்கிட்டு, "இது கோயில் இல்ல, கடை. காசு குடுத்துட்டுப் போற எடத்துல எதுக்குக் கழட்டுறீங்க? மாட்டுங்க"ன்னு வையாத கொறையாச் சொல்லுவா.

ஒருநாள் சாப்புடுறப்ப, உனக்கு ஏன் செருப்பு மேல இவ்வளவு ரோசம்னு கேட்டுட்டேன். அவ சோத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னா: "எங்கப்பா செருப்பக் கையில தூக்கிக்கிட்டு நடந்த தெரு ஒண்ணு இருக்கு சுதா. உங்க தெருதான்."

நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊரு. அவங்கப்பா பழனிவேல் எங்க வயல்ல வேல பாத்தவரு. அவரு செருப்பத் தூக்கிக்கிட்டுப் போறத நான் சின்னதுல பாத்துருக்கேன், அப்ப அது ஒரு விசயமாவே தெரியல. அந்த வூட்டுலேருந்து என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்ட மொத ஆளு கலைமணிதான். கூப்புடட்டும்.

போன தீவாளிக்கு முன்னாடி ஒரு புள்ளையோட ஷூ படியில மாட்டிக்கிச்சு. லீவுக்கு வெளிநாட்டுலேருந்து வந்த புள்ள, ஓட்ட ஓட்டயா இருக்குமே அந்த ஷூ. காலுக்கு ஒண்ணும் ஆவல. ஆனா மறுநாளே மேனேஜர் தமிழழகன் வாசல்ல ஒரு ரேக்கக் கொண்டாந்து வச்சு, போர்டும் மாட்டிட்டாரு: ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே செல்லவும்.

"சார், மாட்டுனது ஷூ"ன்னா கலைமணி.

"இவங்க செருப்புலதான் சுண்ணாம்புத் தூசி ஒட்டிக்கிட்டு வருது. தரை நாறுது. ரூல் போட்டாச்சு, கேக்கலன்னா வேலைய விட்டுப் போய்க்கிட்டே இரு"ன்னாரு. கலைமணி பொண்ணு பிரவீணா பெரம்பலூர்ல நர்சிங் படிக்கிது, ரெண்டாவது வருசம். இந்த வேல போனா அந்தப் படிப்பும் போச்சு. மூணு நாளு, வெறுங்காலோட வர்றவங்களக் கையப் புடிச்சு ஏத்தி விட்டா. யார் மொகத்தையும் பாக்கல.

நாலாவது நாளு ஞாயித்துக்கெழம. கூட்டம் நெரியுது. அவங்கப்பா பேத்திக்குத் துணி எடுக்க வந்துட்டாரு. கால்ல புதுச் செருப்பு. கதவுக்குள்ள கால வச்சவரு என்னயப் பாத்துட்டாரு, எங்கப்பா நடராசனோட பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. சட்டுன்னு குனிஞ்சு கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. போர்டப் பாத்து இல்ல, என்னயப் பாத்து. எனக்குச் செத்துப்போவலாம்னு இருந்துச்சு. "மாட்டிக்கிட்டுப் போங்க"ன்னேன். அவருக்குக் கேட்டுச்சோ என்னமோ, மனுசன் கழட்டுனபடியே நின்னாரு.

கலைமணி வந்தா. "யப்பா, கீழ போட்டு மாட்டு."

"கலைமணி, ரூல்"னு தமிழழகன் குறுக்க வந்தாரு.

"சரி சார், ரூல்னா ரூல்"னு அவ படிக்கிட்டப் போயி, கைய நீட்டி வழிய மறிச்சுக்கிட்டா. மொதல்ல வந்தவரு பாலீஷ் போட்ட ஷூ. "கழட்டி ரேக்குல வைங்க சார்." அடுத்தது ஹீல்ஸ் போட்ட அம்மா. "கழட்டுங்கம்மா." பத்து பேரு, பதினஞ்சு பேரு, ஒருத்தரயும் விடல. வரிச வாசல் வரைக்கும் போயிடுச்சு. யார நிக்க வைக்கிறன்னு ஷூக்காரரு எகிறுனாரு. தமிழழகன் ஓடியாந்து, "ஷூ போட்டவங்கள விடும்மா"ன்னு பல்லக் கடிச்சாரு.

"அப்ப எந்தக் காலுக்கு ரூல்னு மைக்குல சொல்லிடுங்க சார். ஆஃபர் எல்லாம் சொல்றீங்கள்ல, அதே மாதிரி. நானும் கேட்டுக்கிறேன், ஜனமும் கேட்டுக்கட்டும்."

மைக் என் பக்கத்துலதான் இருந்துச்சு. எடுத்து அவருகிட்ட நீட்டுனேன். நான் செஞ்சது அவ்வளவுதான். அவரு மைக்கப் பாத்தாரு, வரிசையப் பாத்தாரு, வாங்கல. அவ பக்கம் குனிஞ்சு, "நாளையிலேருந்து வேலைக்கு வராத"ன்னாரு.

"நாளைக்குத்தான சார். இன்னைக்கு எங்கப்பா மாடிக்குப் போவாரு."

அப்பாகிட்டேருந்து செருப்ப வாங்கி அவரு காலடியில போட்டா. மனுசன் என்னய ஒருதரம் பாத்தாரு, நான் தலைய ஆட்டுனேன், மாட்டுனாரு. "வலது கால வைப்பா. கீழ பாக்காத, என்னயப் பாரு." ரெண்டு பேரும் மேல போனாங்க. வெறுங்காலோட நின்னவங்க ஒவ்வொருத்தரா ரேக்குக்குப் போயி அவங்கவங்க செருப்பத் தேட ஆரம்பிச்சாங்க.

மறுநாளு ரேக்கும் இல்ல, போர்டும் இல்ல. ஒம்பது மணிக்கு யூனிபாரத்தோட வந்து கைரேக மிஷின்ல வெரல வச்சா கலைமணி. பேர எடுத்துருந்தா செவப்பு லைட்டு எரியும்னு பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பச்ச லைட்டு எரிஞ்சுச்சு.

"எரியாம இருந்தா என்னடி பண்ணிருப்ப?"ன்னேன்.

"என்ன பண்ணுவேன், துணி எடுக்க வந்தேன்னு உள்ள வந்துருப்பேன். செருப்போட."