மொம்பாசா கிடங்குக்கு வாஸ்து பார்த்த கதை

கென்யாவில், மொம்பாசா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு வாங்க வேண்டும் என்று என் கணவருக்குப் பித்து பிடித்தது. பெங்களூர் ஹெப்பகோடியில் பம்பு உதிரிபாகங்கள் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. அந்த வேலையாக அங்கே போய் வந்தவர், துறைமுகத்தைக் கட்டி ஆளவே பிறந்தவர் மாதிரி பேச ஆரம்பித்தார். கிடங்கை வாங்கி வாடகைக்கு விட்டால் காலாட்டிக்கொண்டு உட்காரலாமாம். அதற்காக விற்கப் போவது, எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டை.

நான் கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்காரர்களின் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா ஆயுசு முழுக்கத் தங்கம் தோண்டினார். சுவரில் ஆணி அடிக்க மட்டும் எங்களுக்கு உரிமை இல்லை. எங்கள் வம்சத்திலேயே முதல் சொந்தச் சுவர் இந்த ஃபிளாட்டுடையதுதான். குடிவந்த அன்றே தேவையில்லாமல் நாலு ஆணி அடித்தேன். இதை விற்பது என்றதும் அந்த நாலு ஆணியையும் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் தொடங்கும்போது பெண்டாட்டி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் தொலைந்தது. அப்புறம் லாரி பஞ்சரானாலும் அவள் வாய்தான் காரணம். அதனால் எனக்குப் பதிலாகச் சொல்ல வேறு ஒரு வாயைத் தேடினேன். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேரின் சமையலறையை இடம் மாற்ற வைத்த வாஸ்துக்காரர் ஒருவர் இருந்தார். எதைக் காட்டினாலும் குறை சொல்வார் என்று பேர். அவரை வரவழைத்தேன்.

"ஆப்பிரிக்காவுக்கெல்லாம் நம்ம வாஸ்து செல்லுமா?" என்று கணவர் கேட்டார்.

"ஈசானி மூலை எல்லா ஊர்லயும் இருக்கு சார்" என்றார் அவர்.

மொம்பாசா தரகர் வீடியோ காலில் கிடங்கைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். வாஸ்துக்காரர் என் சோபாவில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்தபடி பார்த்தார். நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பர்ஃபெக்ட். ஈசானியத்துல கடல், கன்னி மூலையில சரக்கு. இந்த மாதிரி இடம் பெங்களூர்லயே நான் பாத்ததில்ல."

"அந்தப் பின்கதவு?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"அதுவும் சூப்பர்மா."

பாவி மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். வந்த இடத்தில் குறை சொல்லாமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

"குறையெல்லாம் இந்த வீட்லதான். வாசலே தப்பு. சீக்கிரம் கை மாத்திடுங்க."

கணவர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "ஆய்த்து, முடிச்சிடலாம்" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி ஃபோனைக் கையில் எடுத்தார்.

"விக்க வேணாம்" என்றேன். "எனக்கு இஷ்டமில்ல."

மொம்பாசாவிலிருந்து தரகர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாசலே தப்புன்னு சொல்றாரே" என்றார் கணவர்.

"வாசல் தப்பான வீட்லதான் இத்தன வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். நல்லாத்தான் இருக்கேன்."

வாஸ்துக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நழுவினார். கணவர் தரகரிடம் அப்புறம் பேசுவதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தார். ஃபோனைத் துடைத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, ஆகாததுக்கெல்லாம் என் வாய்தான் காரணம்னு சொல்வீங்க."

"இப்ப மட்டும் சொல்ல மாட்டேனா?"

"சொல்லுங்க" என்றேன். "நம்ம வீட்ல உக்காந்து சொல்லுங்க."

இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.