சிவப்புத் தேதித் தாள்

என் அப்பா மாரிசாமி, வயது ஐம்பத்தெட்டு, ஆமத்தூர். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டினார். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். அப்பாவும் இருபத்தேழு வயது வரை அதே வேலை. பிறகு ஓட்டுநர் உரிமம் வாங்கினார். முப்பத்தோரு வருடம் ஓட்டினார், விபத்து இல்லை. கடைசி நாளிலும் இல்லை.

காலையில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிப் போவார், மாலையில் இறக்கிவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் ஆலைக்குள் லோடு ஏற்றுவார். சீசனில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கும் ஆகும், நான்குக்கும் ஆகும். பதினொரு வருடமாகச் சர்க்கரை. போன தை மாதம் மாத்திரை போதாதென்று ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை விழும், கை நடுங்கும், வேர்க்கும். அதற்காகக் குளுக்கோஸ் பொடியைப் பொட்டலமாகப் பையில் வைத்திருக்கச் சொன்னார் டாக்டர்.

அதைவிட நல்லது என்னிடம் இருப்பதாக நான் நினைத்தேன். கோயம்புத்தூரில் கடலைமிட்டாய் போல உறையில் வரும் சத்து பார் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளராக இருக்கிறேன். படித்தது உணவுத் தொழில்நுட்பம். எங்கள் கம்பெனி இரண்டு வகை செய்கிறது. பச்சை உறையில் இருப்பது புரத பார்: ஐம்பது கிராமில் புரதம் பதினாறு, சர்க்கரை ஒன்று. சிவப்பு உறையில் இருப்பது பேரீச்சையும் குளுக்கோஸ் பாகும் சேர்த்தது, சர்க்கரை இருபத்து நான்கு. இரண்டையும் ஒரே அச்சில் வெட்டுகிறோம். நிறமும் ஒன்றே.

இவை உடம்புக்கு நல்லதா என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். உட்கார்ந்து திரி சுருட்டுகிறவருக்குச் சாப்பாட்டுக்கு மேல் இது தேவையில்லை, சுண்டல் போதும் என்பேன். சாப்பாடு தள்ளிப்போகிறவருக்குப் பச்சை ஆகும். சர்க்கரை விழுந்தவருக்குப் பச்சை ஆகாது. அதில் தூக்கிவிடச் சர்க்கரையே இல்லை.

அப்பாவுக்கு இரண்டு வகையிலும் ஒரு பெட்டி அனுப்பினேன். போனில் சொன்னேன்: "பசிச்சா பச்சை. படபடன்னு வந்தா செவப்பு. தின்னுட்டுக் கால் மணி நேரம் பாருங்கப்பா."

"டிராபிக் சிக்னலுக்கு மாத்திச் சொல்றயே தாயி. சரி, வச்சுக்கிடுதேன்."

ஆலை வாசலில் தீப்பெட்டி, செல்போன் எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நைலான் புடவைக்கும் அனுமதி கிடையாது, உரசினால் பொறி வரும். மினுங்கும் உறையையும் இந்தக் கணக்கில் சேர்த்தார் வாட்ச்மேன் இருளாண்டி.

"என்னலே இது, கடலைமிட்டாய்க்குப் பேண்ட் சட்டை போட்டாப்புல?"

"மக அனுப்புனது."

"மக அனுப்புனா? சட்டையக் கழட்டிட்டு உள்ள கொண்டு போ."

அன்று முதல் அப்பா வீட்டிலேயே எல்லா உறையையும் பிரித்து, காகிதத்தில் மடித்து டப்பாவில் போட்டு வைத்தார். எங்கள் பக்கத்தில் வடை மடிப்பதும் மருந்து மடிப்பதும் தினசரிக் காலண்டர் தாளில்தான். சிவகாசி அச்சகங்களில் கழிந்த தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு எழுத்து, மற்ற நாட்கள் பச்சை.

"செவப்புப் பாருக்குச் செவப்புத் தேதி, பச்சைக்குப் பச்சைத் தேதி. எப்புடி, ஒங்கப்பன் மூளை?"

சரியான முறை என்று சொன்னேன். சிவப்புத் தாள் தீர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தர ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டும். வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான். நான் கேட்கவில்லை.

புரட்டாசி இரண்டாவது செவ்வாய். அன்று நடந்ததைச் சொன்னவர் தங்கத்தாய். வேனில் அப்பாவுக்குப் பின் இருக்கை அவருடையது. மாலையில் திரும்பும்போது ஊருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கையில் அப்பா வேனை ஓரம் கட்டி, கியரை எடுத்துவிட்டு, கைபிரேக்கை இழுத்திருக்கிறார்.

"என்னண்ணே, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயி. சுகரு. மக குடுத்தது இருக்கு."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பாதி தின்றார்.

"எதுத்தாப்புல டீக்கடை இருக்குண்ணே. சீனித்தண்ணி கலக்கி வாங்கியாரேன்."

"சுகர்காரனுக்குச் சீனியா? நல்லா வைத்தியம் பாத்த போ. மக வைவா. கால் மணி நேரம் பொறுங்க, சரியாயிரும்னு சொல்லியிருக்கா."

பதினெட்டுப் பேரும் பொறுத்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் நேரம் பார்த்தார். கால் மணி ஆனதும் தங்கத்தாய், "அண்ணே, ஆச்சு" என்று தோளைத் தொட்டார். அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதினார்கள். வரும்போது சர்க்கரை முப்பத்தெட்டு என்றும் எழுதினார்கள். சட்டையையும் பையில் இருந்த மீதிப் பாதியையும் என்னிடம் கொடுத்தார்கள். தாளில் பச்சை எழுத்தில் வியாழக்கிழமை என்று இருந்தது. கடித்துப் பார்த்தேன். புரதம்.

வீட்டு டப்பாவில் பதினொன்று மிச்சம். எல்லாம் பச்சைத் தேதி. பிரித்து வரிசையாக வைத்தேன். எது எது என்று பார்த்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை, நான்கு வருடப் படிப்பும் ஆறு வருட வேலையும் இருந்தும். ஒவ்வொன்றிலும் ஓரம் கடித்தேன். ஏழு புரதம், நான்கு பேரீச்சை. சிவப்புத் தாள் தீர்ந்தபின் பேரீச்சையையும் பச்சைத் தாளில் மடித்து, நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா எண்ணியிருக்க வேண்டும். சர்க்கரை அந்த அளவுக்கு விழும்போது நினைவுதான் முதலில் போகும்.

அம்மா வள்ளித்தாய் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சாமானம்தானா தாயி அது?"

"நல்லதுதாம்மா."

"அப்பறம் ஏன்?"

"வேற ஒண்ண எடுத்துட்டாக."

அம்மா உள்ளே வந்து வரிசையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ரெண்டு ஏன் அனுப்புன?" என்றார். கடித்த பதினொன்றையும் டப்பாவில் போட்டு மூடினேன்.

வேலைக்குத் திரும்பியதும் வாடிக்கையாளர் புகார்ப் படிவத்தை நிரப்பினேன். இரண்டு பாரும் பார்வைக்கு ஒன்றுபோல் உள்ளன, உறையைப் பிரித்தால் வேறுபாடு தெரிவதில்லை என்று எழுதினேன். தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், கேட்கும் கட்டம் காலியாக இருந்தது. அந்த எண் உறையில்தான் இருக்கும். தொகுதி எண் இல்லாத புகாரை ஏற்பதில்லை என்பது விதி. இரண்டு வருடம் முன்பு அந்த விதியை எழுதியது நான். படிவத்தைத் திருப்பி அனுப்பும் மின்னஞ்சலும் என் பெயரிலேயே எனக்கு வந்தது.

பதினாறாம் நாளுக்கு ஊருக்குப் போனபோது பாண்டி வந்தார். இப்போது வேனை ஓட்டுகிறவர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் ஊசி.

"அண்ணன் வச்சிருப்பாகளே அந்தப் பாரு, அதுல நாலு கெடைக்குமா முத்துமாரி?"

"பாரு வேண்டாம்ண்ணே. கொஞ்சம் இருங்க."

குளுக்கோஸ் பொடி வீட்டில் இருந்தது, டாக்டர் அன்று எழுதிக் கொடுத்தது, பிரிக்காமல். கழிவுத்தாள் கட்டில் சிவப்பு ஒன்றும் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரை இறக்கி, வருடக் கடைசி வரை இருந்த ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டிப் பொடி வைத்து மடித்தேன்.

"ஞாயித்துக்கெழமையப் பூராம் கிழிச்சுப்புட்டா நான் எப்புடித் தேதி பாக்க?" என்றார் அம்மா.

"சனிக்கு மறுநாள்மா" என்றேன். பாண்டி பொட்டலங்களை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.