நாலாவது வாசனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிட் பாட்டிலைத் தட்டிவிட்டது நான்தான். பேய் இல்லை. அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அப்போது அறையில் இருந்தது நானும் என் வலது முழங்கையும் மட்டுமே.

மற்றதையெல்லாம் செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனையும் நடந்தது. நள்ளிரவு, மின்னல், நாய் ஊளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என் வாழ்க்கையில் எதுவும் உரிய நேரத்தில் நடந்ததில்லை. இதுவும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் நடந்தது.

நான் வாசனை நகை செய்கிறவன். வெள்ளியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு டப்பி. மூடியில் ஊசித் துளைகள். உள்ளே மெருகு போடாத சுடுமண் மணி ஒன்று. மணி எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டால், உடம்புச் சூட்டுக்கு வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், இதைப் பார்த்துவிட்டு, "கழுத்துல மாட்டுற ஏர் பிரெஷ்னரா மூக்கா?" என்று கேட்டார். மூக்கன் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். காரணம் என் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

ஒரு கலைக் கண்காட்சிக்குச் சொந்த நினைவுகளை வைத்து ஏழு நகைகள் கேட்டிருந்தார்கள். ஆறு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூளுக்கு ஒன்று. முதல் காதலி வீட்டு வாசலில் நான் வழுக்கி விழுந்த ஈர சிமெண்டுக்கு ஒன்று. (சிமெண்ட் மறுநாள் காய்ந்தது. காதல் அதற்கு முன்பே காய்ந்துவிட்டது.) இப்படி ஆறு.

ஏழாவது அக்காவுடையது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாத கட்டடத்தில் வேலை பார்க்கும்போது லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார். விழுந்த உடனே உயிர் போய்விட்டது என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். "வலி தெரியாமத்தானே போனாரு?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "விடுடா."

அன்று அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன கைக்குட்டையை அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை திறப்பாள். ஒரே ஒரு மூச்சு. உடனே மூடிவிடுவாள். மூன்று வருடத்தில் மூன்றே மூச்சு.

அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தாள்.

"குறைஞ்சுக்கிட்டே வருதுடா. அடுத்த வருஷம் இருக்குமோ என்னமோ. இதை நகையில பிடிச்சுக் குடு."

"குடுக்குறேன்க்கா."

"விளையாட்டு இல்லையே?"

"என் மூக்கு மேல சத்தியம்."

வழி எளிது. எண்ணெயில் ஊறிய மணியையும் கைக்குட்டையையும் ஒரே டப்பாவில் போட்டு மூன்று நாள் மூடி வைத்தால், மணி வாசனையை இழுத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை காலை 10.15-க்கு டேப்பைப் பிரித்து மூடியைத் திறந்தேன். டப்பாவை மேஜையில் வைத்தேன். டீ கிளாஸை எடுக்கக் கை நீட்டினேன். நகை துடைக்கும் ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்தது. அரை லிட்டர், முழுவதும் டப்பாவுக்குள்.

கைக்குட்டையை எடுத்து உதறினேன். ஃபேன் காற்றில் பிடித்தேன். பதற்றத்தில் ஊதிக்கூடப் பார்த்தேன். காய்ந்த பிறகு முகர்ந்தேன்.

ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிப் பஞ்சு மாதிரி, சுத்தமாக ஒன்றுமில்லை.

உடனே அக்காவுக்கு போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். போன் செய்தேன். "சூப்பரா வந்துக்கிட்டிருக்குக்கா" என்றேன்.

என் வாயும் முழங்கை மாதிரிதான்.

அன்று மாலை ஒரு போலியைத் தயாரித்தேன். அத்தான் என்றால் எனக்கு மூன்று வாசனை. ஷேவிங் சோப். கிரீஸ். புதினா மிட்டாய். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அவர் வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய் இருக்கும். அதைப் பல்லில் தட்டித் தட்டி உருட்டுவார். டக்... டக்... கடைசியில் சின்னதானதும் 'கடக்' என்று கடிப்பார். "பல்லு போயிடும்ங்க" என்று அக்கா கத்துவாள். அவர் அடுத்த மிட்டாயைப் பிரிப்பார்.

மூன்றையும் எண்ணெயில் கலந்து, மணியை அதில் ஊறவைத்து, டப்பியில் போட்டு மூடினேன். முகர்ந்து பார்த்தேன். அச்சு அசல் அத்தான். வெட்கமாக இருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

புதன்கிழமை காலை 7.40. டப்பியைத் திறந்தேன்.

சோப்பு இருந்தது. கிரீஸ் இருந்தது. புதினா இருந்தது.

நாலாவதாக ஒன்றும் இருந்தது.

தேங்கிய தண்ணீர். பல நாள் பழசு. துரு கலந்தது.

நான் சேர்க்காதது. மணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மணி போட்டேன். புது எண்ணெய், புது டப்பி. மறுநாள் காலை திறந்தேன். அதே தண்ணீர். முந்தின நாளைவிடக் கொஞ்சம் அதிகமாக.

அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏன்க்கா, அத்தான்கிட்ட எப்பவாச்சும் பழைய தண்ணி வாசனை அடிச்சிருக்கா?"



"எதுக்கு கேக்குற?"

"சும்மாதான்."

"விடுடா" என்று வைத்துவிட்டாள்.

அன்று 11.25-க்குப் பட்டறையில் ஒரு சத்தம் கேட்டது. டக்... குழாய் சொட்டுகிறது என்று நினைத்தேன். எழுந்து போய் இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்குக் கண்காட்சித் திறப்பு. அக்கா ஆறரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எல்லோர் முன்னாலும் அந்தப் பொய்யை அவள் கழுத்தில் மாட்டப்போகிறவன் நான்.

அரங்கு மூன்றாவது மாடியில். அத்தான் போனதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் லிஃப்டில் ஏறுவதில்லை. அக்காவின் உத்தரவு. ஒன்பதாவது மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம்கூடப் படியேறித்தான் போவேன். மேலே போய்ச் சேர்வதற்குள் பல்வலி மறந்துவிடும். ஆனால் அன்று கையில் நகைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. ஒரு சிமெண்ட் மூட்டை கனம் இருக்கும். வாட்ச்மேன் சாமான் லிஃப்டைக் காட்டினார்.

"இதுல போங்க சார். அரை நிமிஷம்."

ஏறினேன். ஏழாவது நகையை மட்டும் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கதவு மூடியது. லிஃப்ட் மேலே கிளம்பியது. ஒன்று... இரண்டு...

நின்றது.

விளக்கு அணைந்தது.

மணி 3.10.

அலாரம் பொத்தானை அழுத்தினேன். சத்தமில்லை. கதவைத் தட்டினேன். கத்தினேன். போனில் சிக்னல் இல்லை. பேட்டரி ஒன்பது சதவீதம். சார்ஜ் போடச் சொல்லி என்னிடம் சொல்லாதவர்கள் யாருமில்லை.

3.14.

என் சட்டைப் பையிலிருந்து வாசனை வந்தது. சோப்பு. கிரீஸ். புதினா.

பிறகு தண்ணீர்.

அது பையிலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது. தரைத் தகட்டின் இடுக்கு வழியாக.

டக்...

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டக்... டக்...

என் காலுக்கு நேர் கீழே. அவசரமே இல்லாமல். நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படிக்கிறவர் மாதிரி.

3.25. 'கடக்.'

காகிதம் பிரிக்கும் சத்தம்.

மறுபடி... டக்...

மூலையில் ஒட்டிக்கொண்டேன். காதைப் பொத்தினேன். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

3.36. 'கடக்.' 3.47. 'கடக்.'

எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்த லிஃப்டுக்குள் என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான்.

ஐந்து.

ஆறு.

ஆறாவதுக்குப் பிறகு 'டக்' மெதுவானது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. ஈரமான மூச்சு.

ஏழு.

"அத்தான்?" என்றேன்.

நின்றது.



பிறகு... டக்.

தரையில் குப்புறப் படுத்தேன். ஏன் என்று தெரியாது. தகடு சில்லென்றிருந்தது. இடுக்கில் வாயை வைத்தேன்.

"நான் மூக்கன். மேலதான் இருக்கேன்."

டக்...

"எனக்குக் கதவைத் திறக்கத் தெரியல அத்தான்."

எட்டு.

ஒன்பது.

போன் அணைந்தது. கடைசியாகப் பார்த்த நேரம் 4.54.

இருட்டு.

டக்.........

டக்..............

'கடக்.'

காகிதம் கசங்கும் சத்தம். கைக்குள் வைத்துச் சுருட்டுகிற மாதிரி.

பிறகு ஒன்றுமில்லை.

மூச்சும் இல்லை.

அதுவரை அந்தச் சத்தம் நிற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டவன் நான். இப்போது தகட்டை இரண்டு கையாலும் தட்டினேன்.

"இன்னொண்ணு போடுங்க அத்தான்... இன்னொண்ணு..."

கதவு திறந்தது.

வெளிச்சம். வாட்ச்மேன். எதிரே சுவர்க் கடிகாரத்தில் 5.06.

"சார், இன்னும் இங்கேயா இருக்கீங்க?"

அது தரைத்தளம்.

"மேல மாட்டிக்கிட்டேன்... ரெண்டு மணி நேரமா கத்துறேன்..."

"லிஃப்ட் இங்கேருந்து நகரவே இல்ல சார். நான் பக்கத்துலதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். ஒரு சத்தமும் கேக்கல. நீங்க படியில போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"கீழ குழியில தண்ணி இருக்கா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் திருப்திக்காக லிஃப்டை மேலே அனுப்பிவிட்டு, கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். முழங்கால் ஆழக் குழி. காய்ந்த தூசி. ஒரு பழைய துடைப்பம்.

ஆறரைக்கு அக்கா படியேறி வந்தாள். மூச்சு வாங்க வந்து கை நீட்டினாள். கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. சங்கிலியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கழுத்தில் மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணை மூடி முகர்ந்தாள். முகம் மலர்ந்தது.

பிறகு வெளுத்தது.

என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனாள்.

"கைக்குட்டையில இந்தத் தண்ணி வாசனை கிடையாதுடா. எங்க பிடிச்ச?"

எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, ஸ்பிரிட், போலி, பொய். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். லிஃப்டைச் சொன்னேன். மிட்டாய்ச் சத்தத்தைச் சொன்னேன். எத்தனை என்று மட்டும் சொல்லவில்லை.

"எண்ணினியா?"

"எண்ணினேன்க்கா."

"சொல்லாத. நான் சொல்றேன்."

நகையை மூடி, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"வலி தெரியாமப் போனாரான்னு கேட்டுக்கிட்டே இருப்பியே. இல்லடா. உடனே போகல. மழைத் தண்ணி தேங்கின குழி. இடுப்பு அசையல. மேல யாரும் இல்ல. அன்னைக்குக் காலையில அவர் பையில புதுப் பாக்கெட் வச்சது நான்தான். பிரிக்காத பாக்கெட்டு, பத்து மிட்டாய். அவரை வெளிய எடுத்தப்போ அது கைக்குள்ள சுருட்டி இருந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட மிச்சம் இல்ல."