டிபன் பாக்ஸில் வந்த கார்

உங்கள் தாத்தா எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது இன்றைக்கும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. கையில் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வரவில்லை. கோயில் பிரசாதத்தை ஏந்துவதுபோல் இரண்டு கைகளாலும் அடியில் தாங்கிப் பிடித்திருந்தார். நான் அப்போது ஒரு வேனின் கதவுக்குத் தண்ணிப் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத் தண்ணீர். மாமனார் முதன்முதலாக நான் வேலை செய்யும் இடத்துக்கு வருகிறார், அதுவும் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "வாங்க மாமா" என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், உள்ளே நாற்காலியில் இருந்த எங்கள் முதலாளியிடம், "பெயிண்ட் விஷயமா ஒரு சின்ன வேலை இருக்குங்க" என்று சொல்லி டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் ஓர் அம்பாசிடர் கார் படுத்திருந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம்.

நீங்கள் இரண்டு பேரும் தாத்தாவை வாய் ஓயாமல் பேசுகிறவராகவே பார்த்திருக்கிறீர்கள். அவர் பேசாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். அதைத்தான் உங்களுக்கு எழுதி வைக்க நினைத்தேன். அம்மா கல்லூரி முடித்துவிட்டு, பாலக்கரையில் பெயிண்டும் கார் சாமான்களும் விற்கிற கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கடைக்குத் தின்னர் வாங்கப் போகிற பெயிண்டர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாங்கள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் தாத்தாவுக்கு விஷயம் தெரியும். அவர் திட்டவில்லை, அழவில்லை, வீட்டுக்கு வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். அவருக்கு என் படிப்பும் வேலையும்கூடப் பெரிதில்லை. தாயில்லாமல் தான் ஒற்றை ஆளாக வளர்த்த பெண், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அவரை அறுத்தது. அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எடுப்பார், ஆனால் பேசமாட்டார். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று இவள் கேட்பாள். அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வரும். இவள் அன்றைய சங்கதிகளையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பெரியவளே, நீ வயிற்றில் வந்த பிறகு அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. புளிப்பு வேண்டும், மாங்காய் வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்டதில்லை. அப்பா வாயால் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு இந்தக் கார் செய்கிற பித்து திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால், மாடி வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை. மரத்துண்டில் காரின் உடம்பைச் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அழுத்தினால் கூடு வந்துவிடும். பிறகு கதவுக்கோடு, கைப்பிடி, வைப்பர், நம்பர் பிளேட் என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டுகிற வேலை. ஒரு காருக்கு மழைக்காலம் முழுக்க ஆகும். தெருவில் பார்த்த கார்களையெல்லாம் இப்படிச் செய்து அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் தூரிகையால் அவரே வர்ணம் பூசியிருந்தார். ஆனால் டிபன் பாக்ஸில் கொண்டு வந்த அம்பாசிடர் மற்றவற்றைப்போல் இல்லை. அது அவருடைய சொந்தக் கார். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கி, பல வருடம் வைத்திருந்து விற்ற இளநீல அம்பாசிடர். அதற்குத் தூரிகைக் கோடு தெரியக்கூடாது, அசல் காரைப்போல் ஸ்ப்ரே அடிக்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் பேச்செல்லாம் முதலாளி வழியாகத்தான் போய் வந்தது. "இளநீலம்தான். ஆனா அந்தக் காலத்து நீலத்தை அப்படியே அடிச்சிடக் கூடாதுன்னு சொல்லுங்க உங்க பெயிண்டர்கிட்ட. சின்ன வண்டில அது இருட்டாத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கூடச் சேர்க்கணும்." முதலாளி என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சாப்பா?" என்றார். "கேட்டுச்சு. கதவுக்கோடு மூடாம மெலிசா அடிச்சுத் தரேன்னு சொல்லுங்க" என்றேன். முதலாளி தாத்தா பக்கம் திரும்பி, "கேட்டுச்சுங்களா?" என்றார். தாத்தா தலையை ஆட்டினார். அவர் போன பிறகு முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்ப்பா, நான் என்ன போஸ்ட் ஆபீஸா? ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல மாறி, பொன்மலை வரைக்கும் வந்திருக்காரு. வர்ற வழியில எத்தனை பட்டறை இருக்கு! எல்லாத்தையும் விட்டுட்டு உன் பட்டறைக்கு ஏன்ப்பா வராரு?" எனக்கு அதற்குப் பதில் தெரிந்தது. ஆனால் நம்பப் பயமாக இருந்தது.

லாரிக்கும் வேனுக்கும் அடித்துப் பழகிய கை என்னுடையது. பெரிய ஸ்ப்ரே கன்னை இந்தக் காரின் முன் நீட்டினால் கார் பறந்துவிடும். கீறலுக்கு டச்சப் செய்கிற சின்னக் கன்னைக் கழுவி எடுத்து, தின்னரை வழக்கத்தைவிட அதிகமாக விட்டு, முதலில் காலி மருந்து பாட்டில்களின்மேல் அடித்து அடித்துப் பழகினேன். வர்ணம் மூச்சுக்காற்று மாதிரி போய்ப் படிய வேண்டும். ஒரு பூச்சு கனத்துவிட்டால் கதவுக்கோடு மறைந்து, கார் சோப்புக்கட்டி ஆகிவிடும். காலையில் மற்ற ஆட்கள் வருவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிரைமர் அடிப்பதற்கு முன் காரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இடதுபக்க முன் மட்கார்டில், சக்கரத்துக்கு மேலே, ஓர் ஒடுக்கு. அரிசி நீளம்தான் இருக்கும். பாவம், வயதானவர், கை தவறி எங்கேயோ இடித்திருப்பார், அல்லது பஸ்ஸில் யாராவது மோதியிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒடுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வண்டிக்காரர் வெறும் பெயிண்ட் என்று சொல்லியிருந்தாலும், ஒடுக்கின்மேல் பெயிண்ட் அடித்து அனுப்பினால் பட்டறைக்கு அவமானம். பல்குத்தும் குச்சி நுனியில், பள்ளத்தை அடைக்கிற பட்டியை எடுத்து வைத்து, காய்ந்ததும் விரலில் பேப்பரைச் சுற்றித் தேய்த்து, ஒடுக்கு இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டேன். அதன்பிறகு வர்ணம். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. இதைப் பார்த்துவிட்டாவது மாமா என்னிடம் பேசுவார் என்று நினைத்தேன்.

பேசினார். சொன்ன நாளில் பட்டறைக்கு வந்து காரை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கட்டைவிரல் இடது மட்கார்டுக்குப் போனது. தடவியது. மறுபடியும் தடவியது. முதலாளியைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"எங்கய்யா ஒடுக்கு?"

"எடுத்துட்டேன் மாமா. இருந்த இடமே தெரியாது பாருங்க."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"கை தவறிப் பட்டுருச்சுன்னு நெனச்சேன்..."

"கை தவறியா? அதைக் கொண்டு வர நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமாய்யா? மட்கார்டு மட்கார்டா வீணாக்கி, கடைசியில ஒண்ணு வந்துச்சு. கண்ணு இல்ல உனக்கு? அது ஒடுக்கு இல்லய்யா, அதுதான்யா காரு!"

காரை அங்கிருந்த வேனின் பானெட்மேல் வைத்துவிட்டு, காலி டிபன் பாக்ஸைக்கூட மறந்து, விறுவிறு என்று போய்விட்டார். முதலாளிதான் என் தோளில் தட்டி, "முகத்தை ஏன்ப்பா தொங்கப் போடுற? இத்தனை நாளுக்கு அப்புறம் உன் மாமனார் உன்கிட்ட நேராப் பேசியிருக்காரு. போயி ஸ்வீட் வாங்கிட்டு வா" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். "ஒரு ஒடுக்கை எடுத்ததுக்கா இவ்வளவு திட்டு?" என்றேன். அடுப்படியில் நின்றிருந்தவள், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "இடதுபக்கம். முன் மட்கார்டு. சக்கரத்துக்கு மேல." கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அது நான் போட்ட ஒடுக்குங்க" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் தாத்தா அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல்நாளே, அப்போது குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் கேட் தூணில் கொண்டுபோய் இடித்திருக்கிறாள். அந்த ஒடுக்கைத் தாத்தா கடைசிவரை எடுக்கவே இல்லையாம். பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு வண்டி ஓட்டுறா. அதான் இது" என்று பெருமையாகக் காட்டுவாராம். வண்டியை விற்கும்போதும் ஒடுக்கோடுதான் விற்றாராம். போனில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மூச்சு மட்டும் விட்ட மனிதர், அந்த நாட்களிலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் இடித்த இடத்தைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வண்டிய எடுங்க, போகலாம்" என்றாள்.

காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் போனோம். காரை வைத்த டிபன் பாக்ஸ் அவள் மடியில் இருந்தது. நான் மாடு மேய்க்கிற வேகத்தில்தான் பைக்கை ஓட்டினேன், நீ வயிற்றில் இருந்ததால். தாத்தா கதவைத் திறந்தார். அவளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், உடனே என் பக்கம் திரும்பிக்கொண்டார். "உக்காரச் சொல்லுங்க. வயித்துப் புள்ளையோட மாடி ஏறி வந்திருக்கு" என்றார். அன்றைக்குப் பட்டறையில் முதலாளி பார்த்த போஸ்ட் ஆபீஸ் வேலை இப்போது எனக்கு வந்து சேர்ந்தது. அம்மா உட்காரவில்லை. நேராக மேசைக்குப் போய் விளக்கைப் போட்டாள். நான் பிளேடு நுனியால் என் பட்டியை மெல்லச் சுரண்டி எடுத்தேன். பழைய ஒடுக்கின் தடம் தெரிந்தது, ஆனால் நான் தேய்த்த தேய்ப்பில் அதன் ஓரங்கள் மழுங்கிப் போயிருந்தன. திரும்ப அழுத்த வேண்டும். தாத்தா மெழுகுவத்தியில் ஒரு சின்ன ஸ்பூனின் காம்பைச் சூடு காட்டி, கை நடுங்காமல் இருக்க மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் மேலப்பா" என்றாள் அம்மா.

"மேல இல்லன்னு சொல்லுங்க. கீழதான்" என்றார் தாத்தா, என்னிடம்.

"அவர்கிட்ட ஏன் சொல்றீங்க? அவரு அன்னைக்கு அங்க இருந்தாரா?"

"தினமும் வண்டியத் துடைச்சவன் நான். எனக்குத் தெரியாதான்னு கேளுங்க."

"துடைச்சது நீங்க. இடிச்சது யாரு? நான்தானே?"

தாத்தா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஆமா, நீதான்! பிரேக்க மிதிடி, பிரேக்க மிதிடின்னு தொண்டை கிழியக் கத்தினேன். அன்னைக்கு எதைடி மிதிச்ச?"

தான் யாரிடம் பேசிவிட்டோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஸ்பூன் காம்பு அதுபாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்குன்னு நெனச்சுத்தான்பா மிதிச்சேன்" என்றாள். தாத்தா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, வர்ணம் படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் தலையில் கையை வைத்தார். "சொல்லியிருக்கலாம்லம்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவர் கார் இடித்ததைச் சொல்லவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாப்ள, அந்த மெழுகுவத்திய இப்படி நகர்த்துங்க" என்றார். ஸ்பூனைத் திரும்பச் சூடு காட்டி, அம்மா சொன்ன இடத்திலேயே, மேலேயே அழுத்தினார். மறுநாள் நான் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய், சின்னக் கன்னால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி நீலம் அடித்துக் கொடுத்தேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பெரியவளே, உன்னைத் தூக்கிக்கொண்டு கார்களுக்கெல்லாம் பெயர் சொல்லிக் காட்டினதும், சின்னவன் ஒரு லாரியின் சக்கரத்தை வாயில் போட்டுக்கொண்டபோது வீட்டையே இரண்டாக்கினதும் அதே மனிதர்தான். அந்த நீல அம்பாசிடரை எடுக்கும்போதெல்லாம், "ஒடுக்கு தப்பான எடத்துல இருக்கு. இன்னும் கீழ இருந்திருக்கணும்" என்று குறை சொல்லுவார். அம்மாவும் விடமாட்டாள். "இடிச்ச எனக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு நிற்பாள். போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட இரண்டு பேருக்கும் இந்தச் சண்டை நடந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் தூங்கிப்போனார் அன்றைக்கு.

தாத்தா போன பிறகு கார்களெல்லாம் நம் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டுகிறாள். நேற்று அம்பாசிடரை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன். கட்டைவிரலால் அந்த ஒடுக்கைத் தடவியபடி, "கீழதாங்க இருந்திருக்கும்" என்றாள்.