நடு மைக்

இதை எழுதலாமா என்று என் தங்கை சௌம்யாவிடம் கேட்டேன். ஃபோனில் தட்டி என் பக்கம் திருப்பினாள். “எழுது. பேர மாத்தாத.” அதனால் மாற்றவில்லை. கூட்டியும் சொல்லவில்லை. நான் இயற்பியல் படித்தவள். காதில் விழுந்த ஒன்றுக்குக் காரணம் தேடாமல் இருக்க எனக்குத் தெரியாது. தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் சந்துரு, நான் பூங்குழலி, கடைசியாக சௌம்யா. ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்காக மைசூரு வந்தவர் அப்பா. மண்டி மொஹல்லாவில் வீடு. கல்யாண ரிசப்ஷன்களில் தமிழ், கன்னடப் பாட்டுகள் பாடுவோம். ஒரே வரியைச் சந்துரு கீழ்க்குரலில் பாடுவான், நான் நடுக் குரலில், சௌம்யா மேல் குரலில்.

முடித்ததும் யாராவது மேடைக்கு வந்து அதையே சொல்வார்கள். மூன்று பேர் பாடுவது போலவே இல்லை, ஒரே ஆள் மூன்று தொண்டையில் பாடுவது போல இருக்கிறது என்று. காரணம் எளிது. ஒரே தாடை, ஒரே மூக்கு, ஒரே வீட்டுப் பேச்சு. ‘ஆ’ என்றால் மூன்று வாயும் ஒரே அளவுதான் திறக்கும். வெளியாட்கள் எத்தனை வருடம் சேர்ந்து பாடினாலும் அது வராது. கூச்சப்படும் எனக்கு அதில்தான் நிம்மதி. சௌம்யா பக்கத்தில் நின்றால், கேட்பதில் என் குரல் எது என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடங்கும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. நடுவில் நிற்கும் சௌம்யா மூச்சை இழுப்பாள். ஸ்ஸ்ப்... அதுதான் சைகை. சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வாய் தானாகத் திறக்கும்.

போன ஆவணியில் சௌம்யாவின் குரல்நாணில் இரத்தம் கசிந்தது. டாக்டர் பொன்னம்மா தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். சில வாரங்களுக்கு ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார். இந்த நிலையில் பாடினால் பிறகு எப்போதுமே பாட முடியாமல் போகலாம்.

அதற்குள் அக்ரஹாரத்தில் ஒரு ரிசப்ஷன் இருந்தது. முன்பே ஒப்புக்கொண்டது. பெண்ணின் அப்பாவுக்கு மேடையில் மூன்று பேரும் வேண்டும். தசரா விழா ஒன்றுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுப்பவரையும் அழைத்திருந்தார். சந்துருவுக்கு அதை விட மனமில்லை.

“அவ சும்மா நின்னு வாய அசைக்கட்டும்” என்றான். “நம்ம ரெண்டு பேர் பாடுனாலே மூணு மாதிரிதான் கேக்கும். எவன் கண்டுபிடிக்கப் போறான்?”

என் பயம் வேறு. மேடை ஏறினால் சௌம்யாவால் பாடாமல் இருக்க முடியாது. மீறிப் பாடினால் கொன்றுவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் தட்டிக் காட்டினாள். “நீ முதல்ல சத்தமா பாடு. அப்புறம் கொல்லலாம்.”

சாயங்காலம் மேடையில் ஒலி சரிபார்த்தோம். சவுண்ட் பார்க்கும் மல்லப்பன் தன் பலகையில் நடு மைக்கை அணைத்தார். “நடு மைக் ஆஃப், மேடம். டென்ஷன் பேடா” என்றார், கவலை வேண்டாம் என்று. எனக்குப் போதவில்லை. எல்லா மைக் வயர்களும் மேடை ஓரத்தில் ஒரு பெட்டியில் செருகியிருந்தன. யாரும் பார்க்காதபோது நடு மைக்கின் வயரைப் பிடுங்கினேன். மறுபடி யாரும் செருகிவிடாமல் இருக்க, அதன் நுனியைச் சுருட்டி என் காலடியில் வைத்துக்கொண்டேன். மூச்சுச் சைகையும் வேண்டாம், சந்துரு காலால் தட்டுவான் என்று முடிவு செய்தோம்.

ஏழு நாற்பது. முதல் பாட்டு. மாப்பிள்ளையும் பெண்ணும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். சந்துருவின் கால் இன்னும் தட்டவில்லை.

ஸ்ஸ்ப்...

என் இடப்பக்கத்தில் மூச்சு. நானும் சந்துருவும் பாடத் தொடங்கிவிட்டோம்.

பழக்கத்தில் இழுத்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. இரண்டாவது வரியில் மேல் குரல் கேட்டது. மெல்லியதாக. மிகச் சுத்தமாக.

முதலில் ஒரு காரணம் தோன்றியது. இரண்டு சுரங்கள் பிசகாமல் சேர்ந்தால், காது தானாகவே மூன்றாவது சுரம் ஒன்றை உண்டாக்கும். கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அது பெரும்பாலும் கீழே கேட்கும். இது மேலே கேட்டது. அதற்குச் சொற்கள் இருக்காது. இதற்கு இருந்தன.

வரிகளுக்கு நடுவே அது மூச்சு வாங்கியது.

கைதட்டல் ஓய்வதற்குள் சௌம்யாவின் காதருகே குனிந்தேன். “பாடாதடி. உன் தொண்ட போயிரும்.”

இல்லை என்று தலையாட்டினாள். அவள் கண் என் வாயையே பார்த்தது. நான்தான் மேல் குரலையும் பாடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

இரண்டாவது பாட்டு. மறுபடி மூச்சு. இந்த முறை அவளைப் பார்த்துக்கொண்டே பாடினேன். பல்லவியின் நடுவில் அவள் உதடுகளை மூடினாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

சௌம்யா பின்னால் நகர்ந்தாள். படியில் இறங்கினாள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு அவளுக்குப் பின்னால் ஆடி நின்றது.

குரல் அவளோடு போகவில்லை. நடு மைக்கின் எதிரே, அவள் வாய் இருந்த உயரத்தில்... என் இடது கன்னத்தில் வெதுவெதுப்பான காற்று பட்டது.

நான் பாடுவதை நிறுத்தினேன்.

அதுவும் நிறுத்தியது. சந்துருவின் குரல் மட்டும் தனியாக...

அது காத்திருந்தது.

ஸ்ஸ்ப்...

நான் பாட நினைக்கவில்லை. வாய் திறந்தது.

கீழே பார்த்தேன். வயரின் நுனி, சுருட்டியபடியே, என் காலடியில்.

அந்தப் பாட்டோடு இறங்கிவிட்டோம். என் தொண்டை சரியில்லை என்று சந்துரு எல்லோரிடமும் சொன்னான். மேடைக்குப் பின்னால் வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“யாருடி பாடுனது?”

மல்லப்பன் வயர்களைச் சுற்ற வந்தார். நடு மைக்கின் விளக்குகள் உச்சி வரை ஏறி இறங்கியதாகச் சொன்னார். தான் அணைத்து வைத்தது எப்படி வெளியே கேட்டது என்று பலகையைத்தான் சந்தேகப்பட்டார். நான் காலடியைக் காட்டினேன். குனிந்து வயரின் நுனியைப் பார்த்தார். மற்ற வயர்களைச் சுற்றினார். அதை மட்டும் தொடவில்லை.

சௌம்யா கை கழுவும் இடத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு கை தொண்டையில். மறு கையால் ஃபோனை நீட்டினாள்.

“வலிக்குது. வெளிய வந்த பிறகும் வலிச்சுது. நடுவுல ஒரு தடவ நின்னுது. அப்புறம் மறுபடி.”

அவள் எங்களைப் பார்க்க முடியாத, சாப்பாட்டுக் கூடத்து இரைச்சலில் பாட்டும் கேட்காத இடம் அது. நான் பாட்டை நிறுத்தியது அவளுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி கேமராவை விட்டுப் பார்த்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய காயம் ஆறத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்தில், புதிதாக, இரண்டு பக்கமும் இரத்தம் கட்டியிருந்தது.

“உச்சத்துல வாய்விட்டுப் பாடுன தொண்டை இது” என்றார். “எங்கிட்ட மறைக்காதீங்க.”

கல்யாண வீட்டார் அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். அதில் சௌம்யாவின் கை அவள் வாய்மேல் இருக்கிறது. மேல் குரல் தெளிவாகக் கேட்கிறது. டாக்டர் பார்த்தார். பாதியில் அணைத்து ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சௌம்யாவுக்கு இன்னும் குரல் வரவில்லை. காற்றுதான் வருகிறது. தசரா விழாக்காரர் கூப்பிட்டார். அந்த மேல் குரல் பாடும் பெண் கட்டாயம் வர வேண்டும் என்றார். இனிமேல் பாடுவதில்லை என்று சந்துரு சொல்லிவிட்டான். வீட்டில் யாரும் முனகுவதுகூட இல்லை.

நேற்று சாயங்காலம் சௌம்யா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். சந்துரு கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தான். நான் சமையலறையில் இருந்தேன். அவன் தன்னை மறந்து ஒரு பல்லவியை முனகினான். எங்கள் பாட்டு. கீழ்க்குரல்.

எங்கள் இருவருக்கும் நடுவே, கதவருகில்...

ஸ்ஸ்ப்...

இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன். சௌம்யாவை நினைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் அழுத்தினேன்.

உள்ளங்கைக்கு அடியில் என் உதடுகள் திறந்தன.