பாதிக் குவளைத் தண்ணீர்

விளிம்பு பெயர்ந்த, நீலப் பூப்போட்ட எனாமல் குவளை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சைகோன் வீட்டில் அண்ணி அதில் விரல்களை நனைத்து நனைத்துத் தலைமுடியில் தொட்டு வைப்பாள். கம்பளி போல அடர்ந்த, சுருள் சுருளான முடி. எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் குடித்துவிடும். சற்று நேரத்தில் மறுபடியும் காய்ந்து, சீப்பு பட்டாலே ஒடியும்.

அண்ணியின் தகப்பன் பிரெஞ்சுப் படையோடு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய். தாய் வியட்நாமியப் பெண். இருவரையும் பார்த்தறியாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள் அவள். நாங்கள் சைகோனுக்குப் பிழைக்க வந்த புதுச்சேரிக்காரர்கள். என் அண்ணனும் அதே படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தான். அவளைக் கலியாணம் செய்து எங்களிடம் விட்டுவிட்டு வடக்கே சண்டைக்குப் போனான்.

நம் வீடுகளில் வறண்ட தலைக்கு ஒரே மருந்துதானே? அம்மா அந்தக் காய்ந்த முடியிலேயே தேங்காயெண்ணெயை வழிய வழிய அப்பி, இழுத்துப் பின்னிவிடுவாள். மேலே பிசுபிசுப்பு, உள்ளே வறட்சி. தலையணையெல்லாம் உடைந்த முடி. எங்கள் வீட்டில் கற்ற தமிழில் அண்ணி ஒருநாள் சொல்லிவிட்டாள்: "காஞ்ச முடில எண்ணெ வச்சா தண்ணி உள்ள போகாது அத்தை. மொதல்ல தண்ணி. அது மேலதான் எண்ணெ." முடியை வகிர்ந்து ஈரமாக்கி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து அந்த ஈரத்தை மூடி, புரி புரியாக முறுக்கி, பட்டுத்துணியால் கட்டிக்கொள்வாள். அவளுக்குக் கண்ணெட்டாத பின்தலை என் பங்கு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய காலத்தில் நகரத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை மூண்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது, குழாயும் நின்றது. ஆளுக்கு ஒரு குவளை தண்ணீர் என்று அம்மா அளந்து கொடுத்தாள். அண்ணி பாதியைக் குடித்தாள். மீதிப் பாதி தலைக்கு. "குடிக்கவே தண்ணி இல்ல, முடிக்கு என்ன சீராட்டு!" என்று அம்மா கத்தினாள். சந்துமுனையில் குண்டு விழுந்தபோது முழந்தாளிட்டு அழுதாள்: "மாதாவே, எங்கள உசுரோட ஊர் சேத்துடு. என் மருமக தலைமுடிய வேளாங்கண்ணில வந்து எடுத்துர்றேன்."

அம்மாவுக்கும் முழங்கால்வரை கூந்தல் இருந்தது.

அண்ணி ஈர விரல்களோடு நிமிர்ந்தாள். "உங்க முடிய நேந்துக்கங்க அத்தை. எங்கப்பாகிட்டேருந்து எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."

"நேந்தது நேந்ததுதான்" என்றாள் அம்மா.

சண்டை ஓய்ந்து நகரத்தின் பெரிய சந்தையான பென்தான் சந்தை திறந்த பிறகும் அண்ணிக்கு மட்டும் அந்தத் தாழ்ப்பாள் திறக்கவில்லை. "இந்த முடியப் பாத்தா எந்தப் பட்டாளத்தான் பொண்ணுன்னு தெரிஞ்சு கல்லெடுப்பாங்க" என்பாள் அம்மா. அதில் பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். எங்களை ஊருக்குக் கப்பலேற்ற வந்த அண்ணனோ, "முடிதானே, வளந்துடும்" என்று முடித்துவிட்டான். சைகோனில் தங்கினால் அந்தத் தெரு, எங்களோடு வந்தால் அந்தக் கத்தி. அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? கப்பலேறினாள்.

வேளாங்கண்ணியில் நாவிதர் அவளை உட்காரவைத்து, ஒரு வாளித் தண்ணீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிப் பிசைந்தார். அரைக் குவளையில் உயிர் வாழ்ந்த முடி அத்தனையையும் குடித்தது. அப்படி மெத்தென்று, மினுமினுவென்று அதை நான் பார்த்ததே இல்லை. அண்ணி கையை உயர்த்தி ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து கொடுத்தாள்.

அண்ணன் சொன்னபடி முடி வளரத்தான் செய்தது. இரண்டு விரற்கடை வளர்ந்ததும் அவளே கத்தரித்துவிடுவாள். "இப்பத்தான் தண்ணிக்குப் பஞ்சமில்லயே, வளத்துக்கங்களேன் அண்ணி" என்று கெஞ்சியிருக்கிறேன்.

"எதுக்கு? அடுத்த ஆபத்துக்கு நேந்துக்கவா?" என்றாள்.

அண்ணி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. புதுச்சேரி வீட்டில் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். அந்தக் குவளையில் குடிக்கும்போது மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். மீதியைக் கீழே கொட்டவும் மனம் வருவதில்லை.